பூவுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது?

ஜப்பான் நாட்டுக் கடவுச்சீட்டின் அட்டையில் பொன்னிறத்தில் ஒரு பூ பொறித்திருக்கும். 16 இதழ் கொண்ட சாமந்தி அது. அந்நாட்டு அரச குடும்பத்தின் முத்திரையும் சாமந்திதான். அதே சாமந்தியை அழகாகக் கட்டி எடுத்துக்கொண்டு பிரான்ஸில் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போனால், கதவைத் திறப்பவர் ஒரு நொடி திகைத்து நிற்பார். அங்கே சாமந்தி கல்லறைக்கு உரிய பூ. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாகச் சாமந்தித் தொட்டிகளைச் சுமந்துகொண்டு இறந்தவர்களைப் பார்க்கப் போவார்கள். ஆஸ்திரேலியாவிலோ அன்னையர் நாளன்று அம்மாவுக்குக் கொடுப்பது சாமந்தி. சீனாவில் பழைய நாள்காட்டியின் 9ஆம் மாதம் 9ஆம் நாளில் சாமந்தி இட்ட மதுவை அருந்தி நீண்ட ஆயுளை வேண்டுவது பழைய மரபு.

ஒரே பூ அரசனுக்கும் அம்மாவுக்கும் உரியதாக இருக்கிறது, ஆயுளையும் சாவையும் சொல்கிறது. இப்படி ஒரு பொருள் தன்னைத் தாண்டி வேறொன்றைச் சொல்வதைத்தான் குறியீடு என்கிறோம். பூக்களின் குறியீடுகளை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத் தேடுவார்கள்: ரோஜா என்றால் காதல், அல்லி என்றால் தூய்மை என்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. “இந்தப் பூவுக்கு என்ன பொருள்?” என்பதை விட்டுவிட்டு, “இந்தப் பொருள் இதற்கு எப்படி வந்தது?” என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு எல்லாம் புரிபட ஆரம்பித்தது.

சாமந்தியிலேயே கேட்டுப் பார்க்கலாம். பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டுவிடும் செடி அது. பூமியின் வட பாதியில் அது இலையுதிர் காலம். நவம்பர் 1, 2 ஆகிய நாள்கள் கத்தோலிக்க மரபில் புனிதர்களையும் இறந்தவர்களையும் நினைக்கும் நாள்கள். அந்தக் குளிரில் தோட்டத்தில் பூத்து நிற்பது சாமந்திதான், எனவே கல்லறைக்குப் போனதும் அதுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு, போர் நிறுத்தப்பட்ட நவம்பர் 11ஆம் நாளின் அஞ்சலிகளும் சேர்ந்துகொள்ள, பிரான்ஸில் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. பூமியின் தென் பாதியில் அதே இலையுதிர் காலம் மே மாதத்தை ஒட்டி வருகிறது. அன்னையர் நாள் மே மாதத்தின் 2ஆம் ஞாயிறு. போதாக்குறைக்கு, சாமந்தியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ‘மம்’ என்று வரும். ஆஸ்திரேலியப் பிள்ளைகள் அம்மாவை அழைக்கும் சொல்லும் அதுவே. ஆக, பிரான்ஸில் துக்கத்தையும் ஆஸ்திரேலியாவில் அன்பையும் சாமந்திக்குக் கொடுத்தது, அது பூக்கும் பருவம்தான்.

செடி எப்போது பூக்கிறது, எங்கே வளர்கிறது, எப்படி உதிர்கிறது: பூக்குறியீடுகளில் பெரும் பகுதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் வேர், நீரில் தண்டு, காற்றில் பூ. புத்த சமயத்தில் அழுக்கிலிருந்து எழும் ஞானத்துக்கு அது உருவமானதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தாமரை இலைத் தண்ணீர் போல் ஒட்டாமல் இருப்பதைப் பற்றி நாம் பேசுகிறோமே, அந்த இலையின் மேல் நுண்ணிய மேடுகளும் மெழுகும் இருப்பதால்தான் நீர் உருண்டோடுகிறது. இலையைக் கவனித்துப் பார்த்த கண்கள்தான் அந்த உவமையைச் சொன்னவை. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் சோ துன்யி ஒரு சிறு கட்டுரையில் மூன்று பூக்களை மூன்று வகை மனிதர்களாக நிறுத்தினார். சாமந்தி, உலகை விட்டு ஒதுங்கி வாழும் துறவி. பியோனி, செல்வச் செழிப்பில் வாழ்பவர். தாமரை, சேற்றிலிருந்து வந்தும் கறைபடாத சான்றோர். தமக்குப் பிடித்தது தாமரைதான் என்பதையும் சொல்லிவிடுகிறார்.

பண்டைய எகிப்தியரின் ‘தாமரை’ உண்மையில் நீல அல்லி. அது காலையில் விரிந்து பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும், மறுநாள் காலையில் மீண்டும் விரியும். சூரியனும் அப்படித்தானே போய்த் திரும்புகிறது? அந்த அல்லிக்குள்ளிருந்து சூரியன் பிறந்ததாக அவர்கள் நம்பினார்கள். துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த மரச் சிற்பம் ஒன்றில், விரிந்த அல்லியின் நடுவிலிருந்து அந்த இளம் அரசனின் தலை எழுகிறது. செத்தவன் சூரியனைப் போல மறுபடி எழுவான் என்ற நம்பிக்கையை ஒரு பூவின் அன்றாடப் பழக்கத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

பூவின் நடத்தையைப் பொருளாக்குவதை ஓர் இலக்கணமாகவே வளர்த்தெடுத்தது சங்கத் தமிழ். இதைப் பள்ளியில் மனப்பாடமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் உலகின் பூமொழிகளில் இவ்வளவு ஒழுங்கானது அரிது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்தும் செடி, மரங்களின் பெயர்கள். அவையே நிலத்தின் பெயராயின, காதலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயராயின. முல்லை கார்காலத்தில், மாலைப் பொழுதில் மலரும். பொருள் தேடியோ போருக்கோ போன தலைவன் கார்காலத்துக்குள் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போவான். எனவே முல்லை மொட்டவிழ்ந்தால் கெடு வந்துவிட்டது என்று பொருள். காத்திருப்புக்கு அந்தப் பூ பெயரானது இப்படித்தான். நெய்தல் பகலில் மலர்ந்து மாலையில் கூம்பும். கடற்கரையில் தனித்திருப்பவளுக்கு மாலை என்பது துயரம் கனக்கும் நேரம், அந்த நேரத்தில் கண்ணெதிரே பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன.

இந்தப் பொருள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்குக் குறுந்தொகையின் 21ஆம் பாட்டு போதும். கொன்றை பூத்துவிட்டது. கொன்றையும் கார்காலப் பூதான். தலைவன் இன்னும் வரவில்லை. தலைவி சொல்கிறாள்: காடே இதைக் கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்ல மாட்டார். பூ சொல்லும் சேதி அவளுக்குத் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். தெரிந்த சேதியை அவள் மறுக்கிறாள் என்பதில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. பூவின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் இது வெறும் மரம் பூத்த செய்தியாகிவிடும்.

அகத்தில் பூ மனநிலையைச் சொன்னது, புறத்தில் படையின் நோக்கத்தைச் சொன்னது. வெட்சி சூடி வந்தால் ஆநிரை கவர வருகிறார்கள். கரந்தை சூடினால் மீட்கப் போகிறார்கள். வஞ்சி படையெடுப்புக்கு, உழிஞை கோட்டையை முற்றுகையிட, நொச்சி கோட்டையைக் காக்க, தும்பை களத்தில் நேருக்கு நேர் மோத, வாகை வென்ற பிறகு. சீருடை இல்லாத காலத்துச் சீருடை இது. தேர்தலிலும் விளையாட்டிலும் இன்றும் ‘வாகை சூடினார்’ என்று எழுதுகிறோம், வாகைப் பூவை நேரில் பார்த்திராதவர்கள்கூட.

அரச குலங்களுக்கும் பூ உண்டு: சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவனும் ஒரு சோழன், நெடுங்கிள்ளி. அவர்களிடம் புலவர் கோவூர்கிழார் சொன்னது புறநானூற்றில் 45ஆம் பாட்டாக இருக்கிறது. உன் எதிரி பனம்பூ சூடியவன் அல்லன், வேப்பம்பூ சூடியவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, உன்னோடு பொருபவன் கண்ணியும் ஆத்தி. உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே. நீங்கள் இருவரும் ஒரே குலம் என்பதைச் சொல்ல அவர் முதலில் சுட்டிக்காட்டியது தலையில் இருந்த பூவைத்தான்.

ஒரு செடியின் இயல்போடு ஒரு பெரும் நிகழ்ச்சி மோதும்போது பூவுக்குப் புதுப் பொருள் பிறப்பதும் உண்டு. ஐரோப்பிய வயல்களில் களையாக முளைக்கும் சிவப்புப் பாப்பி, கசகசாச் செடியின் உறவு. அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால் ஒரே சமயத்தில் முளைத்துவிடும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியைக் குண்டுகள் புரட்டிப்போட்டன, பதுங்குகுழிகளும் புதைகுழிகளும் தோண்டப்பட்டன. உறங்கிய விதைகள் எழுந்தன. புதிய கல்லறைகளுக்கு நடுவே செக்கச் சிவந்த பூக்கள். 1915 மே மாதம், நண்பரைப் பறிகொடுத்த கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே அந்தக் காட்சியைக் கவிதையாக்கினார். 1921இலிருந்து பிரிட்டனில் நவம்பர் மாத அஞ்சலிக்குக் காகிதப் பாப்பியைச் சட்டையில் குத்திக்கொள்ளும் வழக்கம் தொடங்கியது. 1933இல் கூட்டுறவு மகளிர் அமைப்பு ஒன்று, இனிப் போரே வேண்டாம் என்று சொல்ல வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தது.

2010 நவம்பரில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரன் தம் குழுவோடு பெய்ஜிங் சென்றபோது எல்லார் சட்டையிலும் சிவப்புப் பாப்பி இருந்தது. அதை எடுத்துவிடும்படி சீனத் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள். பிரிட்டன் குழுவினர் மறுத்துவிட்டார்கள். சீனர்களுக்கு அந்தப் பூ நினைவூட்டியது, 1839இல் பிரிட்டனோடு தொடங்கிய அபினிப் போரை. அபினி எடுப்பது வேறொரு பாப்பி இனத்திலிருந்து, ஆனால் சட்டையில் குத்திய காகிதப் பூவில் இனம் எங்கே தெரியப்போகிறது? ஒருவர் தம் நாட்டு வீரர்களுக்கான அஞ்சலியாக அணிந்ததை எதிரில் இருப்பவர் தம் நாட்டுக்கு நேர்ந்த அவமானமாகப் பார்த்தார். இருவர் பக்கத்திலும் நேர்மை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சில பொருள்கள் செடியிலிருந்து வருவதே இல்லை, பெயரின் ஓசையிலிருந்து வருகின்றன. சீன மொழியில் லில்லிப் பூவின் பெயர் ‘பைஹே’. ‘நூறாண்டு ஒற்றுமையாக வாழ்க’ என்ற வாழ்த்தின் ஓசை அதில் ஒலிப்பதால் திருமணத்துக்கு ஏற்ற பூ. மேற்கே வெள்ளை லில்லி கன்னி மரியாளின் தூய்மைக்கும், ஈஸ்டருக்கும், இறுதிச் சடங்குக்கும் உரியது. ஜப்பானில் மருத்துவமனையில் இருப்பவருக்குத் தொட்டிச் செடி கொண்டுபோகக் கூடாது. ‘வேர்பிடித்தல்’ என்ற சொல்லும் ‘படுத்த படுக்கையாதல்’ என்ற சொல்லும் அங்கே ஒரே மாதிரி ஒலிக்கும். சைக்ளமன் என்ற பூவையும் தவிர்ப்பார்கள், அதன் பெயரில் சாவுக்கும் துன்பத்துக்கும் உரிய ஒலிகள் கேட்கும். உஸ்மானியப் பேரரசில் துலிப்பின் பெயர் ‘லாலே’. அரபு எழுத்தில் அதை எழுதப் பயன்படும் அதே எழுத்துகளால்தான் அல்லாஹ் என்ற பெயரும் எழுதப்படுகிறது. ஓட்டுச் சித்திரங்களிலும் துணிகளிலும் துலிப் அத்தனை இடம்பிடித்ததற்கு அதன் அழகோடு இந்த எழுத்து உறவும் ஒரு காரணம்.

ஒரே நாளில் பொருள் பெற்ற பூவும் உண்டு. 1974 ஏப்ரல் 25. போர்ச்சுகலில் பல பத்தாண்டு சர்வாதிகாரத்தைக் கவிழ்க்க இராணுவத்தின் ஒரு பிரிவு லிஸ்பன் நகருக்குள் வந்துவிட்டது. அன்று ஓர் உணவகத்தின் முதல் ஆண்டு நிறைவு. வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காகக் கார்னேஷன் பூக்களை வாங்கி வைத்திருந்தார்கள். தெருவில் பீரங்கி வண்டிகள் நிற்கும்போது கடையை எப்படித் திறப்பது? பூக்களை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு சிப்பாய் செலஸ்டே கயெய்ரோ என்ற ஊழியரிடம் சிகரெட் கேட்டார். அவரிடம் சிகரெட் இல்லை, ஒரு கார்னேஷனை நீட்டினார். சிப்பாய் அதை வாங்கித் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டார். மற்ற சிப்பாய்களும் கேட்டு வாங்கிச் செருகிக்கொண்டார்கள். அந்தப் புரட்சிக்குக் கார்னேஷன் புரட்சி என்றே பெயர். அங்கே சிவப்புக் கார்னேஷன் இன்றும் விடுதலையின் பூ. அந்த உணவகத்தில் அன்று வேறு பூ வாங்கியிருந்தால் வரலாற்றில் வேறு பெயர் இருந்திருக்கும்.

இதே கார்னேஷனுக்கு அமெரிக்காவில் வேறு கதை. 1908இல் ஆனா ஜார்விஸ் என்பவர் மறைந்த தம் தாயை நினைத்து நடத்திய வழிபாட்டுக்கு 500 வெள்ளைக் கார்னேஷன்களை அனுப்பினார். அம்மாவுக்குப் பிடித்த பூ, அவ்வளவுதான் காரணம். அன்னையர் நாளுக்கு அது அடையாளமானது. தாய் உயிரோடு இருந்தால் சிவப்பு, மறைந்துவிட்டால் வெள்ளை என்றும் பிறகு வகுத்துக்கொண்டார்கள். அந்த நாள் பூ வியாபாரமாக மாறியதை எதிர்த்து ஜார்விஸ் பின்னாளில் தீவிரமாகப் போராடினார்.

அதிகாரம் ஒரு பூவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் நடக்கும். ஜப்பானில் செர்ரிப் பூ ஒன்றிரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும். நிலையாமையின் அழகைச் சொல்ல நூற்றாண்டுக் கணக்கில் கவிஞர்கள் அதை நாடினார்கள். பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இன்று அது புதிய தொடக்கத்துக்கும் அடையாளம். இடையில் இராணுவ ஆட்சிக் காலத்தில் அதற்கு வேறு பொருளும் ஊட்டப்பட்டது. செர்ரி இதழ் உதிர்வதுபோல் பேரரசருக்காகத் தயங்காமல் உயிர்விட வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொன்னார்கள். 1945இல் போருக்கு வந்த ஒரு தற்கொலை விமானத்தின் பெயர் ‘ஒகா’, அதாவது செர்ரி மலர். இதைப் படித்தறிந்த பிறகு செர்ரிப் பூக்களின் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடிந்ததில்லை.

இனி, இணையத்தில் கண்ணில் படும் பட்டியல்களுக்கு வருவோம். ‘மஞ்சள் ரோஜா என்றால் பொறாமை’ என்பது போன்றவை எங்கிருந்து வந்தன? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டாண்டிநோபிளில் தங்கியிருந்த மேரி வொர்ட்லி மொன்டாகு என்ற ஆங்கிலேயச் சீமாட்டி, துருக்கிப் பெண்கள் பூ, பழம், நூல் முதலியவற்றால் காதல் சேதி அனுப்புவதாகக் கடிதங்களில் எழுதினார். அங்கே இருந்தது ஓசை விளையாட்டு. பொருளின் பெயரோடு எதுகைபோல் இயையும் ஒரு வரிதான் சேதி. ஐரோப்பாவுக்கு அது போய்ச் சேர்ந்தபோது எதுகை போய்விட்டது, ‘பூக்களின் இரகசிய மொழி’ என்ற கற்பனை மட்டும் தங்கியது. 1819இல் பாரிஸில் சார்லட் த லதூர் என்ற புனைபெயரில் வந்த நூல், பூவுக்குப் பூ அர்த்தம் சொன்னது. அது நன்றாக விற்க, அதைப் பார்த்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டஜன் கணக்கில் பூ அகராதிகள் வந்தன. ஒன்றில் இருக்கும் பொருள் மற்றொன்றில் இல்லை. காதலர்கள் உண்மையாகவே இவற்றை வைத்துச் சேதி பரிமாறிக்கொண்டதற்குச் சான்று மிகக் குறைவு. பெரும்பாலும் பரிசாகக் கொடுக்கப்பட்டு வரவேற்பறை மேசையில் இருந்த அழகான புத்தகங்கள் அவை. எனவே ‘இந்தப் பூவுக்கு இதுதான் பொருள்’ என்று மொட்டையாகச் சொல்லும் பட்டியலைக் கண்டால், எந்த நாட்டில், எந்தக் காலத்தில் என்று கேட்டுப் பாருங்கள். விடை இல்லையென்றால் அதை அதிகம் நம்ப வேண்டாம். மஞ்சள் ரோஜாவே இன்று பல நாடுகளில் நட்பின் பூவாகிவிட்டது.

பூவின் இனத்தை மட்டும் பார்த்தால் போதாது, நிறமும் எண்ணிக்கையும் பேசும். சீனா, கொரியா, ஜப்பான் மூன்றிலும் வெள்ளைச் சாமந்தி துக்கத்துக்குரியது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக்கொத்து. இரட்டைப்படை கல்லறைக்கு. பிறந்தநாளுக்கு நிறைவாக ஒரு டஜன் ரோஜா கொடுத்துவிட்டால் வம்பு. சில சமயம் கையில் கிடைப்பதும் விலையுமே பொருளைத் தீர்மானிக்கும். இத்தாலியில் மார்ச் 8 மகளிர் நாளுக்கு மஞ்சள் மிமோசாவை 1946இல் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்தப் பருவத்தில் அது எங்கும் பூத்திருக்கும், ஏழைகளும் வாங்கலாம் என்பதே.

கடல் கடந்து போன பூக்கள் பழைய பொருளைக் கூடவே கொண்டுபோவதில்லை. செண்டுமல்லியின் பூர்வீகம் மெக்சிகோ. அங்கே இறந்தோர் நாளில் அதன் இதழ்களைப் பாதைபோல் தூவி வைப்பார்கள், அந்த நிறத்தையும் வாசத்தையும் பிடித்துக்கொண்டு ஆவிகள் வீடு வந்து சேரும் என்ற நம்பிக்கையில். ஐரோப்பியரின் கப்பல்களில் உலகம் சுற்றிய அதே பூ, இந்தியாவில் கோயில் மாலையாகவும் மணப்பந்தல் தோரணமாகவும் தொங்குகிறது.

ஈழத்தலரியும் அப்படித்தான். நாவில்லா அரளி என்றும் சொல்வோம். பெயரில் ஈழம் இருந்தாலும் பிறந்தது அமெரிக்க வெப்பமண்டலத்தில். இலங்கையிலும் பாலித் தீவிலும் அது வழிபாட்டுப் பூ. ஹவாயில் மாலையாகக் கோத்து விருந்தினர் கழுத்தில் போடுவார்கள். பெண்கள் அதை வலக் காதில் செருகினால் தனியாள், இடக் காதில் செருகினால் துணை உண்டு என்று குறிப்பு. மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அது இடுகாட்டு மரம். இரவில் அதன் வாசம் வந்தால் பேய் நடமாடுகிறது என்பார்கள். கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் ஒரே மரம் எப்படிப் போனது என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். விடை அதன் கிளையில் இருந்தது. வெட்டிப்போட்ட ஈழத்தலரிக் கிளை மண்ணோ நீரோ இல்லாமல் கிடந்தும், பல வாரம் கழித்துத் தன் நுனியில் பூக்கும்.